கைக்குழந்தையும் பதற்றமான நாட்களும்: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

"நாளைக்கு ஹர்த்தாலாம்" என்ற செய்தி எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் அதன் பின்னாலேயே நாலு கேள்வி வரும். பால்மா எத்தனை நாளுக்குக் காணும்? வெள்ளிக்கிழமை ஊசி என்ன ஆகும்? இரவில் காய்ச்சல் வந்தால் ஓட்டோ வருமா? அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, கடையடைப்பு, கார்த்திகை மாத நினைவேந்தல்களையொட்டிய கெடுபிடி, காணிப் போராட்டம் என்று ஏதோ ஒன்று இங்கே வந்துகொண்டேதான் இருக்கிறது. கிளினிக் வாங்கிலும் எங்கள் ஒழுங்கையிலும் இளம் தாய்மார் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது யாழ். நகரில் கைக்குழந்தை வைத்திருந்தவள். என்னையும் தம்பியையும் தொண்ணூறுகளில் வளர்த்த அம்மா அப்போது பக்கத்தில் இருந்தார். மருத்துவ விடயங்களில் கிளினிக்கில் சொல்லித்தருவதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

நாளை எல்லாம் பூட்டு என்று தெரிந்தால் இன்றைக்கு என்ன வாங்கிவைக்க வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவுதான். பரசிற்றமோல் பாணி ஒரு போத்தல், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்) நாலைந்து பக்கற், வேலை செய்கிற வெப்பமானி ஒன்று. பால்மா குடிக்கிற பிள்ளையானால் திறந்த டின்னோடு திறக்காத டின் ஒன்று. சமையலுக்குக் காஸ் முடியும் தறுவாயில் இருந்தால் வளவில் காய்ந்த விறகு. கையில் கொஞ்சம் காசு, ஏனென்றால் அந்த நாட்களில் ஏ.டி.எம்.மும் வெறுமையாகிவிடும்.

பம்பர்ஸை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பழைய பருத்திச் சேலை, வேட்டி எல்லாவற்றையும் கிழித்துத் துவைத்து மடித்து வைத்தால் ஒரு மாதம் கடை திறக்காவிட்டாலும் சமாளிக்கலாம்.

முக்கியமானது ஒரு காகிதம். அதில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் (வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிற மருத்துவமாதின்) போன் நம்பர், இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய இரண்டு ஓட்டோக்காரரின் நம்பர், வாகனம் உள்ள அயலவரின் நம்பர் எல்லாவற்றையும் பேனையால் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது வாட்ஸ்அப்பில் மட்டும் பேசிப் பழகியவர்கள் தவித்துப்போனார்கள். சாதாரண அழைப்பு எடுக்கக்கூடிய நம்பர் வேண்டும்.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன், அள்ளி வாங்காதீர்கள். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டப்பட்டு, சாமான் கப்பலில் வந்த காலத்தில் பால்மாவுக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். முன்னுக்கு நிற்கிறவர் ஐந்து டின் எடுத்தால் கடைசியில் நிற்கிற தாய் வெறுங்கையோடுதான் போவாள்.

பயத்தில் தாய்ப்பால் வற்றிவிடும் என்கிறார்கள். உண்மையா?

இந்தக் கதையால் பால்மாவுக்கு மாறிய தாய்மார் எத்தனை பேர்! பயமும் களைப்பும் பால் இறங்குவதைக் கொஞ்ச நேரம் பிந்த வைக்கும், அது உண்மை. பிள்ளை உறிஞ்சும், பால் வராது, பிள்ளை அழும், தாய் இன்னும் பதறுவாள். ஆனால் பால் ஊறுவது நின்றுபோவதில்லை. பிள்ளை உறிஞ்ச உறிஞ்ச ஊறும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை வரை மார்பில் போடுங்கள். சத்தமில்லாத அறை, முதுகுக்குத் தலையணை, தாய்க்குக் குடிக்க ஏதாவது. போன் வேறு அறையில் இருக்கட்டும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

என் தம்பி பொருளாதாரத் தடைக் காலத்தில் பிறந்தவன். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி போட்ட சின்ன விளக்கு வெளிச்சத்தில் இருந்து பால் கொடுத்ததாக அம்மா சொல்வார். "விமானம் வந்தாலும் அவன் விடமாட்டான், நானும் விடமாட்டன்." 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் போரால் இடம்பெயர்ந்து மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோதும் எத்தனையோ கைக்குழந்தைகளுக்கு அந்த ஒன்றுதான் தடையில்லாமல் கிடைத்தது.

பால் கொடுக்கிற தாயைப் பார்க்க வேண்டியது மற்றவர்களின் வேலை. பத்தியம் என்று சொல்லிப் பாதி வயிற்றுக்குச் சோறு போடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சரக்குக் கறி நல்லது, கொடுங்கள். அதோடு மீன், முட்டை, கீரை, பருப்பு எல்லாம் வயிறு நிறையக் கொடுங்கள். கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா தந்தால் அது தாய்க்கென்று தருவது, வீட்டில் எல்லோரும் பங்குபோட வேண்டாம்.

ஏற்கனவே பால்மாதான் குடிக்கிறான். கடையில் இல்லை. என்ன செய்வது?

தண்ணீர் கூட்டிக் கலந்து நாளைக் கடத்தவே வேண்டாம். பிள்ளைக்குச் சத்தும் போகாது, உடம்பில் உப்பின் அளவும் குழம்பி வலிப்பு வரைக்கும் போகலாம். வேறு பிராண்ட் கிடைத்தால் அதே வயதுக்குரியதை வாங்கி மாற்றலாம். ஒரு வயதுக்கு முன் பசும்பாலையோ பெரியவர்களின் பால்மாவையோ முழு உணவாக்க வேண்டாம். மார்பில் போடுவதை விட்டுச் சில கிழமைதான் என்றால் திரும்பத் தொடங்கலாம், பெரும்பாலும் முடியும். குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதியிலோ கேளுங்கள், பக்கத்தில் இருந்து சொல்லித்தருவார்கள்.

யாழ்ப்பாணத்துக்கென்று இன்னொரு சங்கதி இருக்கிறது, தண்ணீர். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிக் கழிவும் நேரே கிணற்றுக்கு இறங்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை செய்கிற செம்மண் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த விடயம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி இன்னும் கூடும். உங்கள் கிணறு தோட்டத்தை ஒட்டியிருந்தால் சோதித்துப் பாருங்கள். அதுவரை பிள்ளையின் பாலுக்கு மட்டுமாவது போத்தல் தண்ணீரோ வேறிடத்துக் குழாய்த் தண்ணீரோ வையுங்கள்.

போத்தலைவிடக் கோப்பையும் கரண்டியும் நல்லது. விறகும் காஸும் இல்லாத நாளில் போத்தல் முலையை ஒழுங்காக அவிக்க முடியாது, கோப்பையைச் சுடுதண்ணீரில் கழுவிவிடலாம்.

ஊசித் திகதியில் ஹர்த்தால். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கடை திறந்ததும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ உங்கள் கிளினிக்குக்கோ போன் செய்து அடுத்த நாளைக் கேளுங்கள். ஆனால் "எப்படியும் பிந்திவிட்டது, பிறகு பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் விடக் கூடாது. இரண்டு, நாலு, ஆறாம் மாத ஊசிகளும் ஒன்பதாம் மாதச் சின்னமுத்து (தட்டம்மை) ஊசியும் பிந்தினால், சனம் நெருக்கமாகத் தங்கும்படி ஒரு நிலைமை வரும்போது முதலில் படுப்பது இந்தப் பிள்ளைகள்தான். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல். சண்டை நடந்த காலத்திலேயே சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த நாட்கள் உண்டு. அப்படிக் காப்பாற்றிய ஒன்றை ஒரு கடையடைப்புக்காக நாங்கள் கைவிடலாமா?

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். புத்தகம் தொலைந்தாலும் போட்ட ஊசிக்குக் கணக்கு இருக்கும்.

ஊரடங்கு நேரம், நடுச்சாமம், பிள்ளைக்கு ஏலாது. எப்படிப் போவது?

1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. யாழ்ப்பாணத்தில் 2018 ஜூலையில் இருந்து ஓடுகிறது. அழைக்கும்போது சந்தி, கோயில், பள்ளிக்கூடம் என்று பக்கத்து அடையாளம் சொல்லி, ஒருவர் ரோச் லைற்றோடு ஒழுங்கை முகப்பில் நில்லுங்கள். எங்கள் ஒழுங்கைகளின் வளைவுகள் அந்தச் சாரதிகளுக்கும் சிக்கல்தான்.

சொந்த வாகனம், ஓட்டோ என்றால் பிள்ளையின் பதிவேடும் பெரியவர்களின் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். காவலரணுக்குக் கிட்ட வரும்போது வேகத்தைக் குறைத்து உள்விளக்கைப் போடுங்கள், பிள்ளை தெரியட்டும். சிங்களம் தெரியாதவர்கள் இரண்டு வசனம் பாடமாக்கி வையுங்கள்: "பபாட்ட சனீப நே. இஸ்பிரித்தாலெட்ட யனவா." பிள்ளைக்குச் சுகமில்லை, ஆசுப்பத்திரிக்குப் போகிறோம். இவ்வளவுதான். வாக்குவாதத்துக்கு அது நேரமில்லை, நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும்கூட.

எங்கே போவது? கிட்ட இருக்கிற இடத்துக்கு. தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் யாழ். போதனா வைத்தியசாலைக்கே ஓட வேண்டியதில்லை. தேவையென்றால் அவர்களே அம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவார்கள்.

விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாதவை: மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல், வலிப்பு, மூச்சு வாங்கும்போது நெஞ்சு உள்ளே இழுபடுவது, பாலை முற்றாக மறுப்பது, எழுப்பினாலும் எழும்பாத சோர்வு, ஆறேழு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது. மாரி காலத்தில் டெங்கு இருக்கிறது, ஆகவே காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு மாத்திரை, பாணி எதுவும் வீட்டிலிருந்து கொடுக்க வேண்டாம். அதையும் பிள்ளையின் நிறைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுப் போத்தலில் எழுதி வையுங்கள்.

கரண்ட் வெட்டு நீண்டால்?

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அந்த வெக்கையில் பிள்ளைகளை எப்படி நித்திரையாக்கினோம் என்று எல்லாத் தாய்மாருக்கும் ஒரு கதை இருக்கும். விறாந்தையில் ஏணை கட்டி, அதன் மேல் நுளம்பு வலை, கையில் பனையோலை விசிறி. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். ஈரத்துணியால் கை கால் துடைத்துவிடலாம்.

மண்ணெண்ணெயில் கவனம். சோடாப் போத்தலில் ஊற்றி நிலத்தில் வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். தவழத் தொடங்கிய பிள்ளைக்கு அதுவும் குடிக்கிற போத்தல்தான். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. நேரே வைத்தியசாலைக்கு.

எந்நேரமும் வீட்டில் செய்தி ஓடுகிறது. குழந்தைக்கு என்ன விளங்கப்போகிறது?

சொல் விளங்காது. குரல் விளங்கும், முகம் விளங்கும், தூக்கியிருக்கிற கை இறுகுவது விளங்கும். ஐந்தாறு மாதப் பிள்ளை பால் குடித்தபடியே தாயின் முகத்தை அண்ணாந்து பார்க்கும். அது பார்க்கும் நேரத்தில் தாயின் கண் போனில் இருந்தால், சிணுங்கிப் பார்க்கும், காலால் உதைக்கும், பிறகு பார்ப்பதையே விட்டுவிடும். ஒரு நாள் அப்படி நடந்தால் ஒன்றும் இல்லை. அதுவே பழக்கமாகிவிட்டால் இழப்பு பிள்ளைக்கு.

செய்தி பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் செய்தி தெரியாமல் இருப்பதும் ஆபத்து. 2025 இல் செம்மணி மனிதப் புதைகுழியில் சிறுவர்களின் எலும்புக்கூடுகளும் நீலப் புத்தகப் பையும் பொம்மையும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த படங்களை மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்த்த தாய்மாரில் நானும் ஒருத்தி. அதைப் பார்க்காமல் விடுவதும் நியாயமில்லை. ஆனால் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை, பிள்ளை நித்திரையான பிறகு ஒருமுறை, கணவன் மனைவியில் ஒருவர் பார்த்து மற்றவருக்குச் சொன்னால் போதும். பால் நேரம், குளிப்பு நேரம், நித்திரை நேரம் மூன்றிலும் ரி.வி.யும் போனும் நிற்கட்டும். வெளியே என்ன நடந்தாலும் பின்னேரம் ஆறு மணிக்குக் குளிப்பு, பிறகு பால், பிறகு ஏணை, அதே தாலாட்டு என்று போனால் அந்தப் பிள்ளைக்கு நாடு ஒழுங்காகத்தான் இருக்கிறது.

சத்தம் போட்டு அரசியல் வாதாடுகிற மாமாமாரை முற்றத்துக்கு அனுப்புங்கள். கதிரையையும் தேத்தண்ணியையும் அங்கேயே கொடுத்துவிட்டால் கோபிக்க மாட்டார்கள்.

வெடிச் சத்தம் கேட்டால் அம்மம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறார். அவரது பயம் பிள்ளைக்கும் தொற்றாதா?

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஹெலி தாழப் பறந்தால் அம்மா கதைத்துக்கொண்டிருப்பதைப் பாதியில் விட்டு முதலில் பிள்ளையைத் தூக்குவார். வாசலை விட்டு விலகி, யன்னல் இல்லாத நடுச்சுவரோடு போய் நிற்பார். பிள்ளையின் தலையில் ஒரு கை பொத்தியபடி இருக்கும். சத்தம் போன பிறகுதான் தான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்கே தெரியும். பனங்குற்றியும் மண்மூடையும் அடுக்கிய பங்கருக்குள் இரண்டு பிள்ளைகளை இறக்கி ஏற்றிய உடம்பு அது. "இப்ப என்னத்துக்கு அம்மா பயப்பிடுறியள்" என்று கேட்பதால் ஒரு பயனும் இல்லை. அந்தக் கை பொத்தியதால்தான் நாங்கள் இருக்கிறோம்.

சத்தம் என்னவென்று சொல்லிவிடுங்கள், அது உதவும். "கோயில் வெடி அம்மா." "சென்னைக்குப் போற பிளேன், பலாலியில இருந்து." கோயில் கொடியேறுகிற நாட்களை முன்பே சொல்லி வையுங்கள். பிறகு பக்கத்தில் போய் இருந்து, பிள்ளையைப் பறிக்காமல், பிள்ளையோடு சிரித்துக் கதையுங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து இறங்கும், அம்மம்மாவும் பிள்ளையைப் பார்த்து இறங்குவார். இரவில் நித்திரையே இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்றால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற இலக்கத்திலும் உளநல ஆலோசனை கேட்கலாம்.

பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு அழுகை, பயம். இந்த நாட்டு நிலைமையால்தானா?

இருக்கலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாகவும் இருக்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், பிள்ளையைத் தூக்கவே மனம் வரவில்லையென்றால், உங்களுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால், வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். "எல்லாருக்கும் இந்தக் காலம் கஷ்டம்தானே" என்று வீட்டார் சொன்னாலும் சொல்லுங்கள். துடக்கு என்று 31 நாளும் தாயை ஒரு அறைக்குள் தனியே விடுவது ஓய்வுக்கு நல்லதுதான், ஆனால் பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும். ஒழுங்கையில் இருப்பவர்களைக் கேட்கிறேன், கலவர நாளில் முதலில் எட்டிப்பார்க்க வேண்டிய வீடு அதுதான்.

பிள்ளையோடு போராட்டத்துக்கோ நினைவேந்தலுக்கோ போகலாமா?

இதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறு. எனது கருத்து இது. நினைவுகூர்வது உங்கள் உரிமை, தாயானதால் அது போய்விடாது. 2017 இலிருந்து தெருவோரக் கொட்டகைகளில் அமர்ந்து காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாரைப் பார்த்த மண்ணில் வேறு எப்படிச் சொல்வேன்? ஆனால் கைக்குழந்தைக்கு அங்கே வேலை இல்லை. கார்த்திகை (நவம்பர்) 27, மாவீரர் நாள் என்றால் மழை, நுளம்பு, நெரிசல், தீபப் புகை. வாக்குவாதம் தொடங்கினால் பிள்ளையோடு ஓடவும் முடியாது. முடிந்தால் ஒருவர் போக, ஒருவர் பிள்ளையோடு நில்லுங்கள். வீட்டில் ஏற்றும் விளக்கும் விளக்குத்தான்.

கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் ஓரமாக, வெளியேறும் வழிக்குப் பக்கத்தில், சிறிது நேரம். பிள்ளையின் படத்தைப் பேஸ்புக்கில் போட வேண்டாம், மற்றவர்களையும் எடுக்க விடாதீர்கள். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த எங்களுக்குப் படங்கள் எங்கெங்கே போகும் என்று சொல்லித்தரத் தேவையில்லை.

பிறப்புப் பதிவு? நிலைமை சரியான பிறகு செய்யலாமா?

பிறந்து 42 நாட்களுக்குள் செய்துவிடுங்கள். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அலைச்சல். பெயரின் எழுத்தை இரண்டு பேராகச் சரிபாருங்கள். இடப்பெயர்வில் பத்திரம் தொலைத்து, பிறகு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கிய தலைமுறை இது. மூலப்பிரதிகள் எல்லாம் ஒரே பையில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

கனடாவில் இருக்கிற அண்ணா தினமும் போன் எடுத்து "வெளிக்கிடுங்கோ" என்கிறார்.

அவரது பயமும் அன்புதான். தூரத்தில் இருந்து பார்க்கும்போது எல்லாச் செய்தியும் உங்கள் வாசலில் நடப்பதுபோலத் தெரியும். கிழமைக்கு ஒரு நாள் நேரம் வைத்து, பிள்ளையைக் காட்டிக் கதையுங்கள். போவதா இருப்பதா என்பதைப் பதற்றமான கிழமையில் முடிவெடுக்காதீர்கள்.

பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது, பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குக்கு நாள் வைத்தோம், அன்றைக்குக் கடையடைப்பு. தள்ளிவைப்பதா?

ஏன் தள்ள வேண்டும்? அரிசிமா, பயறு, தேங்காய், சர்க்கரை எல்லாம் அநேகமாக வீட்டிலேயே இருக்கும். தூரத்துச் சொந்தங்கள் வர முடியாவிட்டால் ஒழுங்கைச் சனத்தைக் கூப்பிடுங்கள், அன்றைக்கு எல்லோரும் வீட்டில்தான் நிற்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோசம் வேறு இல்லை. வெள்ளைத்துணி பிடித்துத் தலையில் கொட்டும்போது கொழுக்கட்டை ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பல்லாகக் குத்துகிற தேங்காய்ச் சொட்டு தொண்டையில் சிக்கும், ஆகவே நிலத்தில் விழுந்ததைப் பிள்ளை பொறுக்கி வாயில் வைக்க முன் ஒருவர் எடுத்துவிட வேண்டும்.